ட்ரெமலோ பிரிட்ஜ்: மிதக்க விடலாமா, பதிய வைக்கலாமா, கட்டை வைத்து அடைக்கலாமா?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளும் அவை மாட்டியிருக்கும் க்ளா என்ற உலோகத் தகடும் தெரியும். 1954-ல் இந்தக் கிட்டார் வந்ததிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: கம்பிகள் பிரிட்ஜை (அவை வந்து முடியும், ஆர்ம் என்ற கைப்பிடியால் அசைக்கக்கூடிய உலோகத் தாங்கியை) ஒரு பக்கம் இழுக்கின்றன, ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. 10-46 கம்பி செட்டை (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான ட்யூனிங்கில் ஏற்றினால் கம்பிகளின் மொத்த இழுவை ஏறக்குறைய 47 கிலோ. 9-42 செட்டுக்குச் சுமார் 38 கிலோ. இந்த இழுபறியில் பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் கிட்டாரின் குணமே மாறுகிறது.

முதலில் மிதக்கும் பிரிட்ஜ். பின்விளிம்பு பாடியிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். இந்தக் கிட்டாரைத் தயாரிக்கும் ஃபெண்டர் பரிந்துரைக்கும் அளவும் அதுதான். கம்பியை மீட்டும்போது அந்த அதிர்வில் கொஞ்சம் பிரிட்ஜை அசைப்பதிலும் ஸ்பிரிங்குகளை அதிரவைப்பதிலும் போய்விடும். அதனால் ஸ்வரத்தின் தொடக்கம் சற்று மென்மையாக வரும். அதைச் சுற்றி லேசான ஒரு காற்றோட்டம் இருப்பதுபோல் கேட்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரு கார்டை ஓங்கி அடித்து, உடனே உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிப் பாருங்கள். கம்பிகள் நின்ற பிறகும் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது ஸ்பிரிங்குகளின் ஒலி. சுத்தமான டோனில் அது இயற்கையான ரிவெர்ப் மாதிரி அழகு சேர்க்கும். டிஸ்டார்ஷனை ஏற்றி வெட்டி வெட்டி ரிஃப் வாசிப்பவருக்கோ அதே ஒலி தொல்லை. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் அடங்கிவிடும்.

ஆனால் மிதக்க விடுவதற்கு ஒரு விலை உண்டு. ஜி கம்பியை விரலால் வளைத்து ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால், அதாவது பெண்ட் செய்தால், இழுவை கூடி பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி இறங்கும். ஒரு கம்பியை நிறுத்தி வைத்து இன்னொன்றை வளைக்கும் வாசிப்பில் இது காதில் குத்தும். உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் அழுத்தினாலே சுருதி ஏறும். கம்பி ஒன்று அறுந்தால் மீதியெல்லாம் ஏறிவிடும், பாட்டு அத்தோடு நின்றது. இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஏன் மிதக்க விடுகிறார்கள்? ஆர்மை மேலே இழுத்தும் வாசிக்க முடியும் என்பதால்தான். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் அந்த ஆர்மாலேயே மெட்டுகளைப் பாட வைத்தார். பதிய வைத்த பிரிட்ஜில் அதற்கு வழியே இல்லை.

இரண்டாவது, பாடியில் பதிய வைப்பது. பெண்ட் செய்தாலும் பின்விளிம்பு எழும்பாத அளவுக்கு க்ளா ஸ்க்ரூக்களை முறுக்கினால் போதும். ஆர்மைக் கீழே அழுத்தலாம், மேலே இழுக்க முடியாது. தொடக்கத்தில் ஒரு திடம் வரும், தடித்த கம்பிகள் தெளிவாகக் கேட்கும். தடித்த ஈ கம்பியின் சுருதியை டி-க்கு இறக்கினாலும் மற்ற கம்பிகள் நகராது. பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆர்மை எப்போதாவது லேசாக அசைப்பவருக்கு இதில் இழப்பு மிகக் குறைவு.

மூன்றாவது, பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் உலோகப் பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை செருகி அடைப்பது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஐந்து ஸ்பிரிங்குகளோடு இப்படித்தான் வைத்திருந்தார். ஆர்மையே தொடாதவருக்கு இது நல்ல ஏற்பாடு, ட்யூனிங் அசையாது. டோனுக்காக மட்டும் என்றால் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். இறுக்கிப் பதிய வைத்த பிரிட்ஜுக்கும் இதற்கும் கேட்கும் வித்தியாசம் சிறிதுதான்.

ஸ்பிரிங் எண்ணிக்கையில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மிதக்கும் நிலையில் மூன்று போட்டாலும் ஐந்து போட்டாலும் மொத்த இழுவை ஒன்றுதான், ஏனென்றால் கம்பிகளின் இழுவைக்கு அது ஈடாக நிற்க வேண்டும். மாறுவது விறைப்பு. ஐந்து ஸ்பிரிங் என்றால் ஆர்ம் கெட்டியாகும், ஆனால் பெண்ட் செய்யும்போது மற்ற கம்பிகள் இறங்குவது குறையும். மூன்று என்றால் ஆர்ம் பட்டுப்போல நகரும், சுருதி அதிகம் ஆடும். நான்கு வைத்துப் பார்ப்பதிலும் தப்பில்லை.

அப்புறம், பிளாக்கின் உலோகம். பழைய ஸ்ட்ராட்களில் எஃகு, பின்னாளில் வார்ப்புத் துத்தநாகக் கலவை. எஃகு பளிச்சென்ற உச்ச ஒலி தரும் என்பார்கள், வித்தியாசம் இருக்கலாம். ஆனால் புதுப் பிளாக் வாங்குவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிரிட்ஜின் நிலையை மாற்றிப் பாருங்கள், அது செலவில்லாத சோதனை.

மிதந்த பிரிட்ஜைப் பதிய வைத்தால் சேடில்கள் (பிரிட்ஜில் கம்பிகள் அமரும் சிறு துண்டுகள்) கீழே இறங்கும். கம்பிகள் ஃப்ரெட்டில் உரசி நறநறக்கத் தொடங்கும், இன்டொனேஷனும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பதும்) நகரும். அதனால் முதலில் ட்யூன் செய்து, சேடில் உயரத்தைச் சரிபார்த்து, பிறகு இன்டொனேஷனை 12-வது ஃப்ரெட்டில் பார்த்து முடியுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டால், காதில் விழுவது பிரிட்ஜின் வித்தியாசம் அல்ல, கம்பி உயரத்தின் வித்தியாசம்.