ரேம் கூட்டியபின் நின்று நின்று போன கணினி: சுங்கை சிப்புட்டில் ஒரு நல்ல கடை

நான் கல்யாண ஆல்பம் செய்கிறவள். 16 ஜிபி ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகம்) பக்கங்கள் திறக்கவே திணறியதால், அதே நிறுவனத்தின் அதே மாடலில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கி, விற்ற கடையிலேயே பொருத்தினேன். மொத்தம் 32. அன்றிலிருந்து நீலத்திரைதான், கணினி திடீரென்று நின்று நீலத்தில் பிழைச் செய்தி காட்டும். படம் ஏற்றும்போது வரும், சும்மா பாட்டு ஓடும்போதும் வரும். விற்றவர்களைக் கேட்டால் விண்டோசை அழித்துப் புதிதாகப் போடச் சொன்னார்கள். போட்டும் அதே கதை.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர்தான், ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு அலையாதே, முதலில் நம் பட்டணத்திலேயே காட்டு என்று இந்தக் கடையைச் சொன்னார். கைப்பேசிக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் ஒடுங்கலான ஓர் அறை.

கடைத் தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லை. "கடைசியா என்ன மாத்துனீங்க அக்கா?" என்றார். அப்புறம், "நீலத்திரையில ஒரே எழுத்தா வருதா, வேற வேறயா?" கைப்பேசியில் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட் என்றிருந்தது, மற்றவற்றில் வேறு வேறு. ஒரு டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே பிழைதான் திரும்ப வரும், மாறி மாறி வந்தால் முதலில் ரேமைச் சந்தேகப்பட வேண்டும் என்றார்.

உடனே அடுத்த கேள்வி: மூலப்படங்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா? ரேம் தடுமாறும்போது ஒரு படத்தைத் திறந்து சேமித்தால் படமே பாழாகலாமாம். ஒரு மணப்பெண் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகிக் கிடந்தது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, மூலப்படம் கேமரா கார்டில் பத்திரமாக இருந்தது. இதைக் கேட்கத் தோன்றியதற்கே அந்தத் தம்பியைப் பாராட்ட வேண்டும்.

பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு, விண்டோசுக்கு வெளியே சோதித்தார். ஒவ்வொரு ரேமையும் தனியாகப் போட்டால் சுத்தம். பழைய ஜோடி தனியாக, புது ஜோடி தனியாக, அதுவும் சுத்தம். நான்கையும் சேர்த்ததும் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் கொட்டின. பயாசில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பு) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைச் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பை, அணைத்ததும் ஒரு பிழைகூட இல்லை.

என்னுடையது டிடிஆர்4 என்ற வகை. அந்த வகை ரேம் சாதாரணமாக 1.2 வோல்ட்டில் ஓடுவது. எக்ஸ்எம்பியைப் போட்டால் என்னுடையது 1.35 வோல்ட்டில் 3200 வேகத்துக்கு ஏறும். ஒரே பாக்கெட்டில் வந்த ரேம்களுக்குத்தான் அந்த வேகத்துக்கு உத்தரவாதம், இரண்டு பாக்கெட்டைக் கலந்தால் கிடையாது. நான்கு செருகினால் பிராசசருக்கும் சுமை கூடுகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பழையதையும் புதியதையும் மேசை விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஸ்டிக்கரின் ஓரத்தில் கடுகுபோல அச்சிட்டிருந்த பதிப்பு எண் மட்டும் வேறு. பெயரை மாற்றாமலே உள்ளே இருக்கும் சில்லை மாற்றிவிடுகிறார்களாம். விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அலமாரியில் 16 ஜிபி ஜோடி பாக்கெட் இருந்தது. அதைத் தலையில் கட்டியிருந்தால் நானும் வாங்கியிருப்பேன். "முதல்ல இருக்கிறத வெச்சுப் பாப்போம்க்கா" என்று பயாசைப் புதுப்பித்து, வேகத்தை 2933-க்கு இறக்கி, இரவு முழுக்கச் சோதனையில் விட்டார். காலையில் பிழை பூஜ்யம். அதன்பிறகு கணினி ஒருமுறையும் விழவில்லை. வேகம் குறைந்தது ஆல்ப வேலையில் எனக்குத் தெரியவே இல்லை.

கூலி 70 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வேகம், வோல்ட் எல்லாம் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியின் உள்பக்கக் கதவில் ஒட்டியும் கொடுத்தார். பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்பு அழிந்தால் அதைப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. வேலையில் இருந்தால் போனை எடுக்க மாட்டார். உட்கார இடமில்லை. ரசீது கேட்டால்தான் வரும். கையோடு வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது, ரேம் சோதனை என்றால் பெட்டியை ஓர் இரவாவது விட்டுவிட்டு வர வேண்டும். போகும்போது நீலத்திரையைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள், புதிதாக மாட்டிய பொருளின் அட்டைப்பெட்டி இருந்தால் அதையும்.