கிளவுட் சேமிப்பா, ஆவண மேலாண்மையா? சிங்கப்பூர்ச் சிறு நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

பத்துப் பேருக்குள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத் தனியாக ஓர் ஆவண மேலாண்மை மென்பொருள் பெரும்பாலும் தேவைப்படாது. கிளவுட் சேமிப்போடு வரும் கூகல் வொர்க்ஸ்பேஸோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ ஏற்கெனவே மாதச் சந்தாவில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒழுங்காக அமைத்தாலே வேலை நடந்துவிடும். ஆனால் ஒப்புதல், காப்புக் காலம் (ஓர் ஆவணத்தை எத்தனை நாள் வைத்திருந்து எப்போது அழிப்பது என்ற கணக்கு), யார் எப்போது திறந்தார் என்ற பதிவு ஆகிய மூன்றும் அன்றாடத் தேவையாகிவிட்டால், வெறும் ஃபோல்டரை நம்பியிருப்பது ஆபத்து. நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று முடிவு செய்யாமல் விற்பனையாளரைக் கூப்பிட்டால், அவர் காட்டும் எல்லாமே தேவை போலத்தான் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து காய்ந்த மிளகாய் இறக்கும் ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கன்டெய்னருக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), டிரேட்நெட் என்ற இணைய முறை வழியாக எடுத்த சுங்க அனுமதி, ஜிஎஸ்டி கட்டிய விவரம், கையெழுத்தான டெலிவரி ஆர்டர் என்று ஆறு தாள் சேரும். பாதி மின்னஞ்சலில் வரும், ஒன்றிரண்டு வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக வரும், மிச்சம் லாரி ஓட்டுநர் கையில் வரும். சுங்கத்துறைக்காக இவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கணக்குப் பதிவேடுகளை வைத்திருக்க வருவாய் ஆணையம் கேட்பதும் 5 ஆண்டுதான்.

சரக்கு எண்ணைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் திறந்து ஆறையும் அதில் போட்டுவிட்டால், ‘அந்த இன்வாய்ஸ் எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடும். கிளவுட் சேமிப்பு இதை நன்றாகவே செய்கிறது. ‘சுங்க அனுமதி எடுத்தாகிவிட்டது, ஆனால் டெலிவரி ஆர்டர் இன்னும் சேராத சரக்குகள் எவை?’ என்று ஆடிட்டர் கேட்டால் ஃபோல்டருக்குப் பதில் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஆவண மேலாண்மையில் ஒவ்வொரு ஃபைலோடும் சரக்கு எண், வகை, தேதி, நிலை ஆகிய விவரங்கள் ஒட்டியிருப்பதால் அந்தப் பட்டியல் ஒரே தேடலில் வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். எத்தனை டெராபைட் இடம் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

கூகலும் மைக்ரோசாஃப்ட்டும்

கூகல் டிரைவின் பலம், யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது. கிடங்கில் இருப்பவரும் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார். அச்சான தமிழ் எழுத்தையும் அதன் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி) படிக்கும். கையெழுத்தில் வரும் ஊர் பில்லை மட்டும் எந்த மென்பொருளையும் நம்பி விடாதீர்கள், எண்ணையும் தேதியையும் கையால் பதிவதே பத்திரம். பலவீனம், பழைய பிரதிகளில் இருக்கிறது. பிடிஎஃப், எக்செல் போன்ற ஃபைல்களின் முந்தைய பிரதிகள் 30 நாளிலோ, 100 பிரதியைத் தாண்டினாலோ போய்விடலாம். நிரந்தரமாக வைக்க வேண்டிய பிரதியை நாமேதான் குறித்து வைக்க வேண்டும். குப்பைத்தொட்டியும் 30 நாளில் காலியாகிவிடும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் என்று இரண்டு இருப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒன்டிரைவ் தனி ஆளுக்கானது, ஷேர்பாயின்ட் நிறுவனத்துக்கானது. அழித்த ஃபைல் ஷேர்பாயின்ட்டில் 93 நாள் வரை மீட்கக் கிடைக்கும். 2001-இல் வெளிவந்த காலத்திலிருந்தே அது ஆவண மேலாண்மையை மனத்தில் வைத்து வளர்ந்தது. ஆவண நூலகத்தில் சரக்கு எண், நிலை போன்ற விவரங்களுக்குக் கூடுதல் பத்திகள் (column) சேர்க்கலாம், ஒருவர் திருத்தும்போது மற்றவர் கைவைக்காமல் பூட்டலாம், மேலாளர் ஒப்புதல் தந்த பிறகே மற்றவர்களுக்குக் காட்டலாம். மேலே சொன்ன மிளகாய்க் கணக்குக்கு இதுவே போதும். சாதாரண வணிகத் திட்டத்திலேயே இவ்வளவும் அடங்கியிருக்க, மாதாமாதம் காசு கட்டியும் இதைத் திறந்துகூடப் பார்க்காத நிறுவனங்கள் இன்னொரு மென்பொருள் தேடி அலைவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காப்புக் கால விதிகளை அமைக்கத்தான் மேல்நிலைத் திட்டம் தேவைப்படும். திரை அமைப்பு கூகலைவிடக் கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊழியர்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமல் ஷேர்பாயின்ட்டைத் தொடங்கவே கூடாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பள்ளம் உண்டு. வேலை பெர்மிட் முடிந்து ஊர் திரும்பும் ஊழியர், தன் சொந்த டிரைவில் வைத்துப் பகிர்ந்த ஃபைல்கள் அவர் கணக்கோடுதான் கட்டுண்டிருக்கும். சந்தாக் காசு மிச்சம் என்று அந்தக் கணக்கை உடனே நீக்கிவிட்டால், கூகலில் 20 நாளுக்குள் மீட்டாக வேண்டும்; ஒன்டிரைவில் இயல்பான கெடு 30 நாள். நிறுவன ஃபைல் எதுவும் தனிநபர் டிரைவில் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். கூகலில் பகிர்வு டிரைவ், மைக்ரோசாஃப்ட்டில் ஷேர்பாயின்ட் தளம். அங்கே போடும் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம்.

டிராப்பாக்ஸ், ஸோஹோ

பெரிய ஃபைல்களை நாள் முழுக்கத் திருத்துகிறவர்களுக்கு டிராப்பாக்ஸ். முழு ஃபைலையும் மறுபடி ஏற்றாமல் மாறிய பகுதியை மட்டும் அது அனுப்பும். அச்சகம், வீடியோ, கட்டட வரைபட வேலைக்கு நல்லது. கணக்கு வழக்குக்கு மட்டும் என்றால் இதைத் தேட வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் வொர்க்டிரைவில் ஃபைல்கள் தொடக்கத்திலிருந்தே குழு ஃபோல்டர்களில் சேர்வதால் மேலே சொன்ன பள்ளம் குறைவு. ஏற்கெனவே ஸோஹோ புக்ஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனி மென்பொருள் எப்போது?

டாக்குவேர், எம்-ஃபைல்ஸ் போன்றவை வேறு ரகம். டாக்குவேர் இன்வாய்ஸைப் படித்து எண், தொகை, வழங்குநர் பெயரைப் பிரித்தெடுத்து, ஒப்புதலுக்கு அடுத்த மேசைக்குத் தானே அனுப்பும். பின்லாந்தின் எம்-ஃபைல்ஸ், ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்க்காமல் அது என்ன ஆவணம் என்பதை வைத்து அடுக்குகிறது. மாதம் சில நூறு வழங்குநர் பில்லுக்கு இரண்டு மூன்று பேர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் இவை போட்ட காசை மீட்டுத் தரும். அதற்குக் கீழே என்றால் அமைப்புக் கட்டணமும் பயிற்சிச் செலவும் கடிக்கும். கணினி தெரிந்த ஒருவர் நிறுவனத்திலேயே இருந்தால், பழைய தாள்களை ஸ்கேன் செய்து தேடுவதற்கு மட்டும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் போதும். தமிழ் ஓசிஆரையும் சேர்க்கலாம். பராமரிப்பும் காப்புப் பிரதியும் முழுக்க நம் தலையில்.

இந்த முடிவில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அடையாள அட்டை எண்ணையோ நகலையோ வாங்கக் கூடாது. அதற்கு முன் வாங்கிக் குவித்த நகல்கள் பல ஃபோல்டர்களில் இன்னும் கிடக்கின்றன. தேவை முடிந்த தனிப்பட்ட விவரங்களை வைத்திருக்கவும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விடாது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவு செய்த 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் முதல் அபராத உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி அல்லது சிங்கப்பூர் விற்றுமுதலில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது. தரவு சிங்கப்பூருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போனால் இதே தரத்தில் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. மருந்தகம், துணைப்பாட நிலையம், வேலைவாய்ப்பு முகவை போல அடையாள விவரங்கள் குவியும் தொழில் என்றால், ஊழியர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் காப்புக் காலமும் யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் உள்ள மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும் தனிக் காப்புப் பிரதி வேண்டும். ஒத்திசைவு (கணினியில் மாறுவது கிளவுடிலும் தானே மாறுவது) காப்புப் பிரதி ஆகாது: கணினியில் ரான்சம்வேர் என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள் ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் கிளவுடுக்கும் போகும்.

தனி மென்பொருள் என்று முடிவானால் அரசின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தைப் பாருங்கள். முன்னங்கீகாரம் பெற்ற தீர்வுகளுக்கு 2023 ஏப்ரல் முதல் தகுதியான செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் முன் முன்பணம் கொடுத்துவிட்டாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாலோ மானியம் கைநழுவும்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: நூறு ஃபைலை ஏற்றி, வகையும் தேதியும் சரக்கு எண்ணும் பதிந்து, பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஃபைல் எல்லா மென்பொருளிலிருந்தும் வெளியே வரும். பதிந்த விவரங்களும் ஒரு எக்செல் தாளில் ஃபைல் பெயரோடு சேர்ந்து வந்தால் அந்த விற்பனையாளரோடு விலை பேசலாம். வராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள்.