"சீட்டை இறக்கினால் போதும்" என்று சொல்லும் கடையில் சைக்கிள் வாங்காதீர்கள்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 1,285 வெள்ளி போனது. கை மரத்துப்போய் நான்கு மாதம் அவதிப்பட்டேன்.

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். வேகமாக நடந்தால் எனக்கு முட்டி வலிக்கும். அதனால் சைக்கிள்தான் சரி என்று முடிவு செய்தேன். காலையில் தென்னமரம் தோட்டத்துப் பக்கம் ஒரு சுற்று வரலாம் என்று ஆசை. 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட இடம் அது. விடியற்காலையில் அந்த நிழலில் சைக்கிள் ஓட்டுவது தனி சுகம்.

பட்டணத்தில் கண்ணாடி போட்ட பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். "அண்ணே, ஆஃபர் விலை, கடைசி பீஸ், 1,150 வெள்ளிதான்" என்றார் கடைப் பையன். ஃபிரேம் 20 இஞ்ச். என் உயரம் 160 சென்டிமீட்டர். "பெரிசா இருக்கே தம்பி" என்றேன். "சீட்டை இறக்கினா போதும் அண்ணே" என்றார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு, டயர் அழுக்காகிவிடும் என்று மறுத்துவிட்டார். அப்போதே நான் வெளியே வந்திருக்க வேண்டும்.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே உள்ள நீளம் ஃபிரேமோடு வருவது. எட்டிப் பிடித்தே ஓட்டியதால் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கியது. இரண்டே வாரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. அதைவிட மோசம், நிறுத்தும்போது கால் தரையில் முழுதாக ஊன்றவில்லை, நடுக்கம்பி இடித்தது. ஒருநாள் முச்சந்தியில் பழக்குலை ஏற்றிய லோரி வர, அவசரமாக நிறுத்தி, கால் எட்டாமல் சைக்கிளோடு கால்வாயில் சாய்ந்தேன். லோரி பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் பதறுகிறது.

கடையில் சொன்னபோது தடித்த ஜெல் சீட் ஒன்றை 75 வெள்ளிக்கு மாட்டினார்கள். ஹேண்டிலை உயர்த்த இன்னொரு 60 வெள்ளி. ஜெல் சீட் முதல் பத்து நிமிஷம் மெத்தை மாதிரி இருக்கும், பிறகுதான் வேதனை. உட்காரும் எலும்பு அதில் புதைந்துவிடும், நடுவில் உள்ள சதை நசுங்கும். நெடுநேரம் ஓட்ட, எலும்பைத் தாங்கும் அளவுக்கு அகலமும் ஓரளவு கெட்டித்தன்மையும் உள்ள சீட்தான் வேண்டும். டயரின் அகலமும் 28 மில்லிமீட்டர்தான். நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிந்தது.

அப்புறம் இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கை, ஆட ஆரம்பித்தது. பூட்டும்போது போல்ட்டை இறுக்கவில்லை. லூசாக ஓடியதில் கிராங்க்கின் சதுரத் துளை தேய்ந்துவிட்டது. "நீங்க ஓட்டின விதம் அப்படி" என்று கை விரித்துவிட்டார்கள். ரசீதைப் பார்த்தால் மலாயில் 'பாசிகல் 1', அதாவது சைக்கிள் ஒன்று, என்று மட்டும் எழுதியிருந்தது. மாடலும் இல்லை, அளவும் இல்லை, ஃபிரேம் எண்ணும் இல்லை. அந்த எண் பெரும்பாலும் கிராங்க் சுழலும் நடு அச்சுக்கு அடியில் ஃபிரேமில் பொறித்திருக்கும், ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கடைசியில் ஒரு நண்பர் சொல்லி, ரவாங் பக்கம் ஒரு பழைய பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த சீனப் பெரியவர் முதலில் சைக்கிளைக் காட்டவே இல்லை. என்னைச் சுவரோரம் வெறுங்காலில் நிற்க வைத்து, தொடையிடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, தரையிலிருந்து அளந்தார். 73 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய 64.5 சென்டிமீட்டர் வரும், அங்கிருந்து தொடங்கலாம் என்றார். கணக்கு வேண்டாம் என்றால் குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் சீட் சரி. முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்.

பிறகு 15 இஞ்ச் ஃபிரேமும் 38 மில்லிமீட்டர் டயரும் போட்ட ஒன்றைக் கொடுத்து, கால் மணி நேரம் பின்தெருவில் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். கை மரக்கவில்லை. இரண்டு காலும் தரையில் ஊன்ற, கம்பிக்கு மேல் மூன்று விரல் இடைவெளி இருந்தது. வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை அவர் வற்புறுத்தவில்லை.

பழைய கடை மேல் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த 20 இஞ்ச் சைக்கிளை, ஆடும் கிராங்க்கோடு, தொடாமல் அப்படியே வீட்டுப் பின்கட்டில் நிறுத்தியிருக்கிறேன். விசாரணை அன்று அதுதான் என் சாட்சி.