தொற்றிய கணினிக்கு டிஃபெண்டர் ஆஃப்லைனா, மீட்பு பென் டிரைவா?

கோப்புகளின் பட்டியலை வைரஸ் தடுப்பி விண்டோஸிடம்தான் கேட்டு வாங்குகிறது. தன்னை ஒளித்துக்கொள்ளும் தீநிரலான ரூட்கிட் நடுவில் புகுந்து, தன் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பட்டியலை நீட்டுகிறது. 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றை நிறுவிய பல கணினிகள் நீலத்திரையில் நின்றன. அலூரியன் என்ற ரூட்கிட் அவற்றில் ஏற்கெனவே குடியிருந்ததே காரணம். இப்படிப்பட்டவற்றைப் பிடிக்க, விண்டோஸை எழுப்பாமலே வட்டைச் சோதிக்க வேண்டும்.

அதற்கு மிக எளிய வழி மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி மீட்புச் சூழலில் மறுபடி துவங்கி, சுமார் 15 நிமிடத்தில் சோதனையை முடித்துவிடும். ஆனால் அதைத் தொடங்கிவைப்பது தொற்றிய விண்டோஸ்தான். டிஃபெண்டரையே முடக்கிய தீநிரலிடமும், துவங்கவே மறுக்கும் கணினியிடமும் இந்த வழி செல்லாது.

அங்கேதான் பென் டிரைவிலிருந்தே கணினியைத் துவக்கி வட்டைச் சோதிக்கும் காஸ்பர்ஸ்கி ரெஸ்கியூ டிஸ்க் கைகொடுக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக, ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது அமைந்தது. விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர், கோப்பு மேலாளர் இரண்டும் உண்டு. இணையம் இருந்தால் வைரஸ் தரவுகளைப் புதுப்பித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2024 முதல் இந்நிறுவனப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. டாக்டர் வெப் லைவ்டிஸ்க் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. எதுவானாலும் பென் டிரைவைத் தொற்றில்லாத வேறொரு கணினியில்தான் தயாரிக்க வேண்டும்.

எந்த மீட்புக் கருவி அதிக வைரஸ்களைப் பிடிக்கும் என்றே பலரும் கேட்கிறார்கள். உங்கள் வட்டை அது திறக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய வட்டுக்குள் லினக்ஸ் ஸ்கேனரால் எதையும் படிக்க முடியாது. ஒன்றும் சிக்கவில்லை என்ற அறிக்கையை நம்பி ஏமாறக் கூடாது. பென் டிரைவிலிருந்து துவக்குவதற்காக, அறியாத மென்பொருள் துவங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸே பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவியை எழுதி வைக்காமல், இந்த அமைப்பு இருக்கும் பயாஸைத் தொடாதீர்கள். இன்னொன்று, விண்டோஸை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. அது இயங்கும் கணினியில் சாதாரணமாக நிறுத்தினால் விண்டோஸ் பாதி உறக்கத்திலேயே இருக்கும். லினக்ஸ் அந்த வட்டைப் படிக்கும், எழுதாது. கண்ட வைரஸை நீக்கவும் முடியாது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுமையாக நிற்கும்.

பென் டிரைவிலிருந்தே ஓடும் சிறு விண்டோஸான விண்டோஸ் பிஇ மீது அமைந்த ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ, கையால் பழுதுபார்ப்பவருக்கானது. சேதமான கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க எனக்கு அதுவே பிடிக்கும்.

எந்தக் கருவியிலும் 'அனைத்தையும் அழி' வேண்டாம். சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் நல்ல நிரல்களுக்குள்ளேயே தங்களை ஒட்டிக்கொள்பவை. ஒரு முறை அவசரத்தில் அழித்துவிட்டு, விண்டோஸே துவங்காத கணினியோடு இரவு முழுக்கப் போராடினேன். முதலில் குணப்படுத்தச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தனிமைப்படுத்துங்கள்.

பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளை இவற்றில் எதுவும் திறந்து தராது. 2018இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ் போல மதர்போர்டின் சிப்பில் ஒளிந்ததையும் இவற்றால் நீக்க முடியாது. அதற்கு அந்தச் சிப்பில் உள்ள மென்பொருளான ஃபர்ம்வேரையே புதிதாக எழுத வேண்டும்.