கருகிய நெகட்டிவிலிருந்து வந்த அபு: ரேயின் மூன்று படங்களும் ஒரு புளூரே பெட்டியும்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். புளூரே தட்டுகளுக்கு வட்டாரக் குறியீடு என்று ஒன்று உண்டு, அமெரிக்காவில் விற்பது ‘ஏ’, நம்முடையது ‘சி’. இது தெரியாத ஆள் இல்லை நான். ஆனால் மச்சான் நியூஜெர்சியிலிருந்து வருகிறார், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம் என்று தங்கை சொன்னதும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கிரைட்டீரியன் என்ற அமெரிக்கக் கம்பெனி போட்ட, வங்காள இயக்குநர் சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றும் (பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபூர் சன்சார்; அபு என்ற பையன் வளர்கிற கதை) அடங்கிய பெட்டியை வாங்கி வரச் சொன்னேன். வந்தது. வீட்டு பிளேயரில் போட்டேன். இந்தத் தட்டு இங்கே ஓடாது என்று திரையில் ஒரே ஒரு வரி. மச்சான் காபியை உறிஞ்சிக்கொண்டே, “இதுக்குத்தான் நான் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தூக்கிட்டு வந்தேனா மாப்ளே?” என்றார். (தூரம் அதைவிட அதிகம், திருத்தும் நிலையில் நான் இல்லை.)

அப்புறம் சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அலைந்து, எல்லா வட்டாரத் தட்டும் ஓடும் ஒரு பழைய பிளேயரைப் பிடித்தேன். அந்த மூன்று வாரமும் பெட்டி அலமாரியில் சாமி படம் மாதிரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதேர் பாஞ்சாலியை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்களே, அதில். படம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மழை பெய்துகொண்டிருந்தது, கதையில் மழை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே. சப்டைட்டில் வெள்ளையில் வெள்ளை. அன்றைக்கு எனக்குப் பதிந்தது ஒன்றுதான்: கலைப்படம் என்றால் மங்கலாக இருக்கும், ஏழைகளைப் பற்றிய படம் என்றால் இன்னும் மங்கலாக இருக்கும். பிறகு விசிடியில் பார்த்தேன், யாரோ பென்டிரைவில் கொடுத்ததைப் பார்த்தேன், அந்த அபிப்பிராயம் மாறவில்லை. அந்த மங்கல்தான் ரேயின் அழகியல் என்று டீக்கடையில் வாதாடியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அழகியலும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பிரின்டில் இருந்த அழுக்கு.

இந்தப் பெட்டியில் முதல் தட்டைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்துவிட்டது. மிட்டாய்க்காரர் காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார், பின்னால் அபுவின் அக்கா துர்கா, அவள் பின்னால் அபு, கடைசியில் நாய். இந்த ஊர்வலம் குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். பழைய பிரின்டில் நாலு கறுப்புப் பொட்டுகள் நகரும், அவ்வளவுதான். இதில் நாயின் வால் ஆட்டம் தெரிகிறது. அந்த நாய் சும்மா பின்னால் வரவில்லை, கிராமத்து நாய், சொன்னால் கேட்காது, அதனால் துர்காவாக நடித்த பெண் முதுகுக்குப் பின்னால் கையில் இனிப்பை மறைத்துப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று ரே எழுதியிருக்கிறார். தெரிந்த பிறகு பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஆனாலும் காட்சி கெடவில்லை. மிட்டாய்க்காரராக நடித்தவர் படம் முடிவதற்குள் இறந்துபோக, மீதிக்கு வேறொருவரை முதுகுப்பக்கமாக மட்டும் நடக்க விட்டு எடுத்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். மூங்கில் தோப்புக்குள் போகிற அந்த முதுகை இப்போது உற்றுப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. 1992-இல் ரேவுக்கு அமெரிக்கத் திரைப்பட அகாடமிக்காரர்கள் கௌரவ ஆஸ்கர் கொடுக்கிறார்கள், கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் சிலையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசிய துண்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த விழாவுக்காகப் படத்துணுக்குகளைத் தேடியபோதுதான் நல்ல பிரின்டே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. சரி, பாதுகாப்போம் என்று நெகட்டிவ்களை வாங்கி அனுப்புகிறார்கள். வழியில் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற லேபில் இருந்தபோது, 1993 ஜூலையில், அங்கே தீ. காப்பாற்றக் கொண்டுபோன இடத்தில் வெந்துவிட்டது.

ஆனால் கருகியதை யாரோ தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்திருந்தார்கள், அது அகாடமி ஆவணக் காப்பகத்துக்குப் போய் இருபது வருடம் சும்மா கிடந்தது. அதை இத்தாலியில் போலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற லேபுக்கு அனுப்பி, வற்றிப்போன ஃபிலிமுக்கு மறுபடி ஈரம் ஏற்றி, உருகி ஒட்டிய டேப்பையும் பசையையும் மெழுகையும் கையால் சுரண்டி, உடைந்த ஓரத்துளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பி, கையால் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. அப்படியும் பதேர் பாஞ்சாலி நெகட்டிவில் 40 சதவீதம்தான் தேறியது, அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேல். மூன்றாவதான அபூர் சன்சாரில் எதுவுமே உதவவில்லை. மீதியை உலகத்தில் இருந்த நல்ல நகல்களிலிருந்து எடுத்து 4கே-யில் ஸ்கேன் செய்து கோர்த்து, 2015-இல் வெளியிட்டார்கள். இந்தக் கதையை கொகோனாதா என்ற இயக்குநர் ஒரு குறும்படமாகவே செய்து பெட்டியில் வைத்திருக்கிறார். கறுத்துச் சுருண்ட ஃபிலிம் சுருளை ஒரு கை மெல்லப் பிரிக்கும், அப்பளம் பிரிக்கிற மாதிரி. கூடுதல் சரக்கில் முதலில் அதைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கணினியில் போட்டுத் தேய்த்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஆக்கியிருப்பார்களோ என்று. நம் ஊரில் பழைய படங்களைப் புதுப்பிக்கிறேன் என்று முகத்தில் மாவு பூசுவதைப் பார்த்து நொந்தவன். இங்கே அது இல்லை. ஃபிலிமின் மணல்துகள் அப்படியே இருக்கிறது. கிழவி இந்திர் தாக்ருனின் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிகிறது. அந்த அம்மாள் சுனிபாலா தேவி, எண்பது வயது, பழைய நாடக நடிகை, நாளுக்கு இருபது ரூபாய் சம்பளம். பாதி உடைந்த சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் செடிக்கு ஊற்றுகிற அலட்சியத்தை யார் சொல்லிக்கொடுத்தாலும் வராது.

இந்த இடத்தில் ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் படத்தின் தெளிவு தெரிந்த பிறகுதான் இதை எடுத்தவர் அடிப்படையில் ஓவியர் என்பது எனக்கு உறைத்தது. தாத்தா உபேந்திரகிஷோர் அச்சுக்கலை நிபுணர், குழந்தைகளுக்கு எழுதியவர். அப்பா சுகுமார் ராய் வங்காளக் குழந்தைகள் இன்றும் ஒப்பிக்கிற விசித்திரப் பாடல்களை எழுதியவர், மகனுக்கு மூன்று வயது முடியும் முன்பே இறந்துவிட்டார். சாந்திநிகேதனில் ஓவியம் படித்துவிட்டு, 1943-இல் டி.ஜே. கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் எண்பது ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ரே. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் பதேர் பாஞ்சாலி நாவலுடைய சிறுவர் பதிப்புக்குப் படம் வரையப் போய்த்தான் அபு அவரைப் பிடித்துக்கொண்டது. 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவா கல்கத்தா வந்தபோது படப்பிடிப்புக்கு இடம் பார்க்க ரே கூடவே சுற்றினார். மறு வருடம் கம்பெனி லண்டன் அனுப்பியது, அங்கே ஆறு மாதத்துக்குள் நூறு படத்துக்கு ஒன்று குறைவாகப் பார்த்தார், அதில் சைக்கிள் திருடர்கள் என்ற இத்தாலியப் படம்தான் அவரை உறுதிப்படுத்தியது.

1952 அக்டோபரில் பதேர் பாஞ்சாலிக்கு முதல் நாள் படப்பிடிப்பு, ரயில் பார்க்கிற நாணல் பூக்காட்சி. வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறார்கள். அடுத்த ஞாயிறு போனால் பூவைக் காணோம், மாடு மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த வருடப் பூவுக்குக் காத்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இருபத்தொன்று வயது, சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. மனைவி பிஜோயாவின் நகை அடகுக்குப் போனது. கடைசியில் மேற்கு வங்காள முதலமைச்சர் பி.சி. ராய் அரசுப் பணம் கொடுத்தார். தலைப்பில் பாதை இருக்கிறதே (பதேர் பாஞ்சாலி என்றால் பாதையின் பாட்டு) என்று சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள் என்பது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். 1955-இல் படம் வந்தது. இதற்கிடையில் அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, கிழவி சாகவில்லை, இந்த மூன்றும்தான் அதிசயம் என்பார் ரே.

இரண்டாம் தட்டு, அபராஜிதோ, பெட்டியிலேயே என் கண்ணுக்கு மிக அழகானது இதுதான். காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை நேராக ஆள் மேல் அடிக்காமல் துணியில் அடித்து, அது திரும்பி விழுகிற வெளிச்சத்தில் எடுத்தார் மித்ரா. உயரமான வீடுகளுக்கு நடுவே முற்றத்தில் இறங்கும் அந்த நிழலில்லாத பகல் வெளிச்சத்தைக் கும்பகோணத்தில் எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் செட் என்று தெரிந்தும் நம்ப மனம் வரவில்லை. அபுவின் அப்பா ஹரிஹர் கடைசி மூச்சு விடும்போது புறாக்கூட்டம் கிளம்புகிறதே, அந்தக் காட்சியில் வானம் இப்போது வெறும் வெள்ளையாக இல்லை, அதற்கு ஆழம் இருக்கிறது.

இதே படத்தில் அபுவின் அம்மா சர்போஜயா மகனுக்காகக் காத்திருக்கும் இரவில் மின்மினி பறக்கும். உண்மையான மின்மினி ஃபிலிமில் பதியவில்லை, கறுப்புத் துணி போர்த்திய ஆட்கள் குட்டி பல்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பாதி எரிந்த நெகட்டிவ் அந்தப் பொட்டு வெளிச்சங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வெளியானபோது ஊரில் படம் ஓடவில்லை, தாயை விட்டு விலகுகிற பிள்ளையை ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1957-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய பிறகும்கூட இது மூன்றில் அதிகம் பேசப்படாத படமாகவே இருக்கிறது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியில் சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான், பெரிய குறை, ஒரு இந்திய மொழிகூட இல்லை. அம்மாவுக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். லீவு முடிந்து அபு ஸ்டேஷன் வரை போய், ரயிலைப் பிடிக்காமல் திரும்பி வருகிற இடம். “ரயில் போயிருச்சுன்னு சொல்றான்மா” என்று ஆரம்பித்தேன். “நீ கொஞ்சம் சும்மா இருடா, பொய் சொல்றான்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்றாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதான அபூர் சன்சார், 1959. அதில் சௌமித்ர சாட்டர்ஜிக்கு முதல் படம், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஷர்மிளா தாகூருக்கும் முதல் படம். படத்தைப் பற்றிச் சொல்ல நான் யார், ஆனால் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்: முதல் இரண்டின் கூர்மை இதில் இல்லை. மூல நெகட்டிவ் இல்லாததால் நகலிலிருந்து செய்தது, அது தெரிகிறது, சில இடங்களில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகிவிடுகிறது. குறை என்று சொல்ல மனசு வரவில்லை, வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். குதிரை வண்டியில் தீக்குச்சி வெளிச்சத்தில் “உன் கண்ணில் என்ன?” என்று அபு கேட்க, அவன் மனைவி “காஜல்” என்கிறாளே, கண் மை, பின்னால் பிள்ளையின் பெயரும் அதுதான். அந்தத் தீக்குச்சி நன்றாகவே எரிகிறது.

ஒலி மூன்றிலும் ஒற்றைத் தடம்தான், சரவுண்டு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ரவிசங்கர் பதேர் பாஞ்சாலிக்கு ஒரே இரவில் வாசித்துக் கொடுத்த இசை இது. துர்கா இறந்ததை அப்பாவிடம் சொல்லும்போது சர்போஜயாவின் அழுகைக்குப் பதிலாகத் தார்ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் கத்தும். என் பழைய விசிடியில் அது விசில் மாதிரிக் கேட்டது, இப்போது வயிற்றைப் பிசைகிறது, ஒலியைக் குறைத்துத்தான் வைத்தேன்.

மற்ற கூடுதல் சரக்கில் 1967-இல் எடுத்த அரைமணி நேர டாக்குமெண்டரி நல்லது, ரே ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்கவே போடலாம். ஆனால் சுவரொட்டி, டைட்டில் எழுத்து, ஆடை, 1961 முதல் இசை, பிறகு கேமரா என்று எல்லாவற்றையும் தானே செய்த மனிதர், ரே ரோமன் என்று ஆங்கில எழுத்துருவே உருவாக்கியவர், ஃபெலுடா என்ற துப்பறிவாளரை எழுதிப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டவர். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் விரிவாக வைத்திருக்கலாம். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி 1976-இல் அவர் எடுத்த ‘பாலா’வையும் யாராவது இப்படிச் சுத்தம் செய்து போட்டால் தேவலை, அதன் தயாரிப்பில் நம் தமிழ்நாடு அரசுக்கும் பங்கு உண்டு. கடற்கரையில் காற்று புடவையை இழுக்க இழுக்க அவர் ஆடுவதை நான் பார்த்த நகலில் காற்று மட்டும்தான் தெரிந்தது.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு: இதே தொகுப்பு 4கே தட்டாகவும் வந்திருக்கிறது. 4கே தட்டுகளுக்கு வட்டாரக் குறியீடு கிடையாது, அதை ஓட்டும் பிளேயர் இருந்தால் என்னை மாதிரி ரிச்சி தெருவில் அலைய வேண்டாம். பணம் யோசிப்பவர்கள் யாராவது வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். என் வீட்டுக்கும் வரலாம், முன்னாலேயே ஒரு போன் பண்ணிவிட்டு. பெட்டியை மட்டும் இரவல் கேட்காதீர்கள், மச்சானுக்கே கொடுக்கவில்லை.