நோன்புக்கு முந்தைய நீரிழிவு ஆலோசனை: எங்கள் அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

திருநெல்வேலியில் உள்ள ஒரு தனியார் நீரிழிவு மருத்துவமனையில், ரமளான் நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே ஆண்டுதோறும் தனி ஆலோசனை நடத்துகிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவரும் என் வாப்பாவை அங்கு அழைத்துச் சென்றோம். இந்தச் சேவையின் பெரும் பலம், அது ரமளான் பிறைக்கு ஆறு, எட்டு வாரங்கள் முன்பே தொடங்கிவிடுவதுதான். மேலப்பாளையத்தில் எங்களைச் சுற்றியுள்ளவர்களில் பலர் நோன்பு நெருங்கிய கடைசி வாரத்தில்தான் மருத்துவரைத் தேடிப் போவார்கள். சிலர் யாரையும் கேட்காமல் காலை மாத்திரையை விடியலுக்கு முன் உண்ணும் ஸஹரிலும் இரவு மாத்திரையை நோன்பு திறந்ததும் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளில் இப்படிச் செய்வது ஆபத்தானது. 2001இல் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது, இரண்டாம் வகை நோயாளிகளிடம் ரமளானில் ஏழரை மடங்கு அதிகரித்திருந்தது.

முதல் சந்திப்பில் நோயின் காலம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலை, வயது, செய்யும் வேலை ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் உள்ள முறை இது: மூன்று வரை குறைந்த ஆபத்து, ஆறுக்கு மேல் உயர்ந்த ஆபத்து. வாப்பா நடுத்தர ஆபத்துப் பிரிவில் வந்தார். மருத்துவர் ‘நோன்பு வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் வாப்பா எழுந்து வந்திருப்பார். நோயாளிக்குக் குர்ஆனே சலுகை அளித்திருப்பதையும், விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக் களா செய்யவோ, இயலாதவர்கள் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கவோ வழி இருப்பதையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதன்பின், சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பு திறக்கும் மஃரிபுக்கு எவ்வளவு நேரம் இருந்தாலும் அன்றைய நோன்பை முறித்துவிட வேண்டும் என்று வாப்பாவிடம் உறுதி வாங்கிக்கொண்டார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை இதற்கு முன் வாப்பாவிடம் எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

கையில் ஒட்டும் சென்சாரையும் கட்டணத்தோடு சேர்த்துத் தருகிறார்கள். மேற்கையின் பின்புறம் ஒட்டினால் பதினான்கு நாட்கள் இரவும் பகலும் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரை பகலில்தான் தொல்லை தரும் என்று நாங்கள் அஞ்சிக்கொண்டிருக்க, திரையில் தெரிந்த கோடு வேறு கதை சொன்னது. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு அளவு மெல்ல இறங்கினாலும் பெரும்பாலும் எல்லைக்குள்ளேயே நின்றது. நோன்பு திறந்ததும் சர்பத், இரண்டு வடை, சமோசா, அதன்மேல் கஞ்சி என்று உள்ளே போன நாட்களில்தான் கோடு செங்குத்தாக ஏறி, இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து வீடு திரும்பும்வரை இறங்காமல் நின்றது. பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி என்று நிறுத்திக்கொண்டு மீதியைத் தொழுகைக்குப் பிறகு சாப்பிட்ட நாட்களில் அந்த ஏற்றம் கண்கூடாகக் குறைந்தது. உம்மா ஆண்டுக்கணக்கில் சொல்லியும் கேட்காத வாப்பா, அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு சர்பத்தைத் தாமாகவே ஒதுக்கி வைத்தார். சென்சார் தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பதால், சர்க்கரை வேகமாக மாறும்போது இரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். ஆகவே மயக்கமோ வியர்வையோ தோன்றினால் விரலில் குத்தி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதை ஊழியர்கள் அழுத்திச் சொன்னது பாராட்டத்தக்கது.

குறை, அவர்கள் கொடுத்த உணவுத் தாளில்தான். ஓட்ஸ், சாலட், முழுத்தானிய ரொட்டி என்று போட்டிருந்த அந்தத் தாளில், பள்ளிவாசலில் மாலைதோறும் வாளி வாளியாக வாங்கிச் செல்லும் நோன்புக் கஞ்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேரும் அந்தக் கஞ்சியில் எவ்வளவு குடிக்கலாம், வீட்டில் காய்ச்சினால் அரிசியைக் குறைத்துப் பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டலாமா என்பவைதான் எங்கள் ஊர் நோயாளிக்கு எழும் கேள்விகள். நாங்கள் கேட்ட பிறகே உணவியல் ஆலோசகர் ஒரு கிண்ணம் என்று அளவு சொன்னார். கேட்கத் தயங்குபவர்கள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுப் பழையபடியே சாப்பிடுவார்கள்.

மாதம் முழுவதற்கும் இரண்டு சென்சார் தேவைப்படுவதால் செலவு சில ஆயிரங்களைத் தொடுகிறது. நடுத்தரக் குடும்பங்களுக்கே இது சுமைதான். முடியாதவர்கள் ஆலோசனைக்கு மட்டும் பதிந்துகொண்டு, சாதாரணக் குளுக்கோமீட்டரில் ஸஹருக்கு முன், நண்பகல், அஸருக்குப் பின், நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து எனப் பார்த்துவரலாம். அதற்கும் அங்கே குறிப்பேடு தருகிறார்கள். பெருநாளுக்குப் பின் மருந்தைப் பழைய அளவுக்கு மாற்ற இன்னொரு சந்திப்பு உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லையென்றாலும், அன்று கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால் முன்பதிவை ரமளானுக்குள்ளேயே செய்துவிடுவது நல்லது.