நீட் ஓஎம்ஆர் மாதிரித்தேர்வுக் கட்டுகள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வினாத்தாளும் ஓஎம்ஆர் தாளும் (வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள்) சேர்ந்தவை இந்தக் கட்டுகள். முதலில் அட்டையைப் பாருங்கள். 200 கேள்வி, 200 நிமிடம் என்றிருந்தால் அது பழைய சரக்கு. 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். விருப்பக் கேள்விகள் இல்லை.

நேரப் பயிற்சிக்கு இந்தக் கட்டுகள் உதவும். ஒரு வட்டத்தை நிரப்ப 5 வினாடி என்றாலும் 180க்கு 15 நிமிடம் போய்விடும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த விடையை விட்ட கேள்வியின் வரிசையில் நிரப்பினால், பின்னால் வருபவை எல்லாம் ஒரு வரி தள்ளிப்போகும். பேனா மையை அழிக்கவும் முடியாது. பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பது நல்லது.

குறை விடைக்குறிப்பில்தான். பல கட்டுகளில் வெறும் 1, 2, 3, 4 என்ற பட்டியல் மட்டுமே. இயற்பியல் கணக்கைச் சரியாகப் போட்டுக் கடைசி வரியில் குறியை மாற்றியவருக்கும், ஒன்றுமே தெரியாமல் தவறாகக் குறித்தவருக்கும் அதே மைனஸ் 1. (தேர்வும் அப்படித்தான்!) நான்கு விடைகளில் சரியானதற்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்பதால், கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாக ஒரு கேள்விக்கு கால் மதிப்பெண் லாபம்; தவறான இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் ஒன்றரை. ஆகவே மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பாடம் புரிந்ததா என்று முடிவுகட்டாதீர்கள்.

படிப்படியான விளக்கமும், தமிழுடன் ஆங்கில மூலமும் உள்ளதையே வாங்குங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி.